மூன்று ஹேக்கின்டாஷ், இரண்டு மேக் மினி: தேக்காவில் ஒரு காணொளிக் கூடத்தின் கணினி மாற்றம்

பின்னணி

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் சிறிய கூடம் இது. திருமணக் காணொளி, கோவில் விழா ஒளிப்பதிவு, அழைப்பிதழ், பதாகை ஆகியவை இங்கு நடக்கும் வேலைகள். உரிமையாளர், மூத்த படத்தொகுப்பாளர், வடிவமைப்பாளர், பகுதிநேர உதவியாளர் என நால்வர். ஆவணி, தை மாதங்களில் வேலை தலைக்கு மேல் போகும்போது ஒரு பகுதியைச் சென்னையில் இருக்கும் தொகுப்பாளர் ஒருவருக்கு அனுப்புவார்கள்.

2020இல் கூடத்திற்கு மூன்று கணினிகள் தேவைப்பட்டன. காணொளி வேலை முழுவதும் மேக்கில் மட்டுமே ஓடும் ஃபைனல் கட் புரோ என்ற தொகுப்பு மென்பொருளில் நடந்தது. வடிவமைப்பாளருக்கு மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸிலேயே இருக்கும் அஞ்சல் விசைப்பலகை கைவந்த ஒன்று. ஆகவே மேக்தான் வேண்டும். ஆனால் அன்றைய 27 அங்குல ஐமேக் ஒன்றின் விலையில் ஏறத்தாழ இரண்டு கணினிகளைக் கையாலேயே பொருத்திவிடலாம் என்று கணக்கு காட்டினார் உரிமையாளரின் அக்காள் மகன். சிம் லிம் ஸ்குவேரில் பாகங்களை வாங்கி மூன்றையும் பொருத்தியவரும் அவரே.

மூன்றுக்கும் ஒரே அமைப்பு: இன்டெல் ஐ7-9700கே செயலி, இசட்390 தாய்ப்பலகை, 32 ஜிபி நினைவகம், 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 வரைகலை அட்டை, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பிராட்காம் பிசிஎம்94360 சில்லு கொண்ட வைஃபை அட்டை. என்விடியா அட்டை வாங்காதது சரியான முடிவு. அந்நிறுவனத்தின் மேக் இயக்கிகள் 2017இல் வந்த ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிட்டன. பிராட்காம் அட்டையும் தெரிந்தே எடுத்ததுதான். உண்மையான மேக்குகளில் இருந்த அதே சில்லு என்பதால் ஏர்டிராப் தானாகவே வேலை செய்தது. வாடிக்கையாளர்களின் ஐபோனிலிருந்து படங்களை வாங்க இந்தக் கூடம் நாள்தோறும் ஏர்டிராப்பையே நம்பியிருந்தது.

இப்படிச் சாதாரணக் கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டுவதற்குப் பெயர் ஹேக்கின்டாஷ். ஓப்பன்கோர் என்ற தொடக்க நிரல் முதலில் எழுந்து, இந்தக் கணினி ஐமேக்19,1 மாதிரி என்று மேக்ஓஎஸ்ஸை நம்பவைக்கும். லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி போன்ற கெக்ஸ்ட் நீட்சிகள் வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும். இவை எல்லாம் எஸ்எஸ்டியில் தொடக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கிய இஎஃப்ஐ பகுதியில் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. அந்தக் கோப்புறையில் ஒரு வரி பிசகினால் கணினி எழாது.

2023இல் அக்காள் மகன் வேலை கிடைத்து ஆஸ்திரேலியா போனார். அப்போது மூன்றும் மான்டெரி என்ற மேக்ஓஎஸ் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த அமைப்பு எதற்காக வைக்கப்பட்டது என்ற குறிப்பு எதையும் அவர் எழுதி வைக்கவில்லை.

ஆகஸ்ட் 2024: தேசிய தினத்துக்குப் பிந்திய திங்கட்கிழமை

அந்த ஆண்டு தேசிய தினம் வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் விடுமுறை. வழக்கம்போல் சுவரில் இருக்கும் மின்விசைகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போனார்கள். 12ஆம் தேதி காலையில் மூன்றாம் கணினி எழவில்லை. ஆப்பிள் சின்னம் வந்தது, சில வினாடிகளில் கணினி தானாக மீண்டும் தொடங்கியது, மறுபடி அதே கதை.

பொத்தான் மின்கலம் தீர்ந்துபோனதே காரணம். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032, நான்கைந்து ஆண்டுகளில் வலுவிழக்கும். சுவர்விசை போட்டிருக்கும்வரை மின்வழங்கி தரும் காத்திருப்பு மின்சாரம் அந்தக் குறையை மறைத்துவிடும். விசையை மூன்று நாள் அணைத்ததும் தாய்ப்பலகையின் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகள் அழிந்து ஆலைநிலைக்குத் திரும்பின. மேக்ஓஎஸ்ஸுக்காகத் திறந்து வைத்திருந்த சிஎஃப்ஜி லாக் என்ற செயலிப் பூட்டு மீண்டும் பூட்டிக்கொண்டது, பழைய பயாஸ் முறைக்கான சிஎஸ்எம் உயிர்பெற்றது. விண்டோஸ் கணினி என்றால் கடிகாரத்தைத் திருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள்.

உதவியாளர் இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்குப் புது மின்கலம் வாங்கிப் போட்டார். ஆனால் பயாஸில் எதை எப்படி வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வர மாலையாகிவிட்டது. அன்றிரவு ஒப்படைக்க வேண்டிய வரவேற்புக் காணொளி மறுநாள் போயிற்று. இதன் பிறகே வெளித் தொழில்நுட்பர் ஒருவரைப் பராமரிப்புக்கு அமர்த்தினார்கள்.

அவர் முதலில் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போட்டுக் கொடுத்தார்: தேதி, எந்தக் கணினி, என்ன செய்துகொண்டிருந்தபோது, திரையில் என்ன தெரிந்தது, எது சரிசெய்தது. நான்கு மாதங்களுக்கு இதை எழுதச் சொன்னார். இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்டது அந்தக் குறிப்பேடுதான் என்று சொல்லலாம்.

குறிப்பேடு காட்டியவை

நவம்பர் இறுதிக்குள் 17 பதிவுகள் சேர்ந்தன. எல்லாப் பழியும் ஹேக்கின்டாஷ் மீது விழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே. ஐந்து பதிவுகளுக்கும் கணினிக்கும் தொடர்பே இல்லை.

அந்த ஐந்தில் மூன்று எழுத்துரு பற்றியவை. பழைய அழைப்பிதழ் வார்ப்புருக்களைத் திறந்தால் தமிழ் எழுத்துகள் காணாமல் போய் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தன. அவை போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருவில் அமைந்தவை. அடோபி தன் மென்பொருள்களில் அந்த வகைக்கான ஆதரவை 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எத்தனை விலையுயர்ந்த மேக் வாங்கினாலும் அதே கட்டங்கள்தான் தெரியும். மற்ற இரண்டும் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த வெளி வட்டுகளை வெளியேற்றாமல் பிடுங்கியதால் வந்தவை.

நான்கு பதிவுகள் வன்பொருள் பற்றியவை. மின்கலம் அதில் ஒன்று. முதலாம் கணினியின் ஆர்எக்ஸ் 580 அட்டை இன்னொன்று. 22 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த ஏற்றுமதி 50 நிமிடத்தைத் தொட்டது. அட்டையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றவே இல்லை. கீழ்த்தளக் கடையிலிருந்து மாடிப்படி வழியே வரும் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து அச்சில் பசைபோல் படிந்திருந்தன. ஒரு விசிறி நின்றதால் சில்லு சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மாற்று விசிறி, வெப்பப் பசை எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள் முடிந்தது. காலையில் கழற்றியதை மதிய உணவுக்குப் பிறகு மாட்டிவிட்டார்கள். நான்கு வன்பொருள் கோளாறுகளிலும் பாகங்கள் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தன. மின்கலச் சம்பவத்தில் போன அந்த ஒரு நாளைத் தவிர, இவற்றால் இழந்த நேரம் ஒரு வேலைநாளுக்கும் குறைவு.

மீதி எட்டும் ஹேக்கின்டாஷுக்கே உரியவை. நேரத்தை விழுங்கியவை இவையே.

இரண்டாம் கணினி தொடங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. மான்டெரி தொடங்கும்போது ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை, வட்டின் வெற்றிடங்களை எல்லாம் எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும். டிரிம் எனப்படும் இந்த வேலையைச் சில எஸ்எஸ்டி கட்டுப்படுத்திகள் மிக மெதுவாகச் செய்யும். கணினி உறைந்துவிட்டதாக நினைத்து ஊழியர்கள் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். ஃபைனல் கட் தன் தொகுப்பு வேலைகளைச் சேமிக்கும் நூலகக் கோப்பு இரண்டு முறை கெட்டதற்கு அதுவே காரணம். ஓப்பன்கோரில் செட்ஏபிஎஃப்எஸ்டிரிம்டைம்அவுட் என்ற மதிப்பைச் சுழியமாக்கினால் தொடக்கம் வேகமாகும். ஆனால் டிரிம் முற்றிலும் நின்றுபோகும், நாளடைவில் எழுதும் வேகம் சரியும். நாள் முழுக்கக் காணொளி எழுதும் வட்டுக்கு அது ஆகாது. வேறு கட்டுப்படுத்தி உள்ள எஸ்எஸ்டிக்கு மாற்றியதும் தொடக்கம் ஒரு நிமிடத்துக்குள் வந்தது.

அட்டைப் படிப்பான் மறைந்துபோவது அடுத்தது. கணினி தூங்கி எழுந்தால் ‘வட்டு முறையாக வெளியேற்றப்படவில்லை’ என்ற அறிவிப்பு வரும், படிப்பான் காணாது. மேக்ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 துறைகளுக்கு மேல் ஏற்காது. நீல நிறத் துறை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படும்: யூஎஸ்பி 2 வேகத்துக்கு ஒன்று, யூஎஸ்பி 3 வேகத்துக்கு இன்னொன்று. இசட்390 பலகையில் இந்த எண்ணிக்கை எளிதில் 15ஐத் தாண்டும். பொருத்தியவர் எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் என்ற வரம்பு நீக்கியை நம்பியிருந்தார். மேக்ஓஎஸ் 11.3க்குப் பிறகு அது வேலை செய்யாது. தீர்வு, துறை வரைபடம். விண்டோஸில் யூஎஸ்பிடூல்பாக்ஸை ஓட்டி, ஒவ்வொரு துளையிலும் யூஎஸ்பி 2 குச்சி ஒன்று, யூஎஸ்பி 3 குச்சி ஒன்று எனச் செருகிப் பார்த்து, தேவையான 15ஐ மட்டும் வைத்துக்கொண்டு கெக்ஸ்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். வைஃபை அட்டையின் புளூடூத் செருகப்பட்டிருக்கும் உள்துறையை ‘உள்ளகம்’ என்று குறிக்க மறந்தால் தூக்கக் கோளாறு தொடரும். ஒரு கணினிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை இது. செய்தபின் இந்தக் கோளாறு எந்தக் கணினியிலும் திரும்பவில்லை.

மீதிப் பதிவுகள் ஓப்பன்கோர் புதுப்பிப்பு பற்றியவை. தொலைவிலிருந்து ஒருமுறை ஓப்பன்கோர் கோப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதன் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.பிலிஸ்ட் பழையதாகவே இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே பதிப்புக்கு உரியவையாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் ஓசிவேலிடேட் கருவியை ஓட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இந்த எட்டும் தீர்க்கக்கூடியவைதான், தீர்க்கவும் பட்டன. ஆனால் தீர்த்தவர் ஒருவர். முன்பு ஆஸ்திரேலியாவில் இருந்த அந்த அறிவு இப்போது ஒப்பந்தத் தொழில்நுட்பரிடம் இருந்தது. கூடத்துக்குள் இன்னும் வரவில்லை.

நவம்பர் 2024: சென்னையிலிருந்து வந்த நூலகம்

நவம்பர் நடுவில் ஃபைனல் கட் புரோ 11 வெளிவந்தது. சென்னைத் தொகுப்பாளர் உடனே புதுப்பித்துவிட்டார். அவர் அனுப்பிய நூலகம் இங்கே திறக்கவில்லை. புதிய பதிப்பு தொட்ட நூலகத்தைப் பழைய பதிப்பு திறக்காது. பதிப்பு 11ஐ நிறுவக் குறைந்தது மேக்ஓஎஸ் சோனோமா 14.6 வேண்டியிருந்தது. எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பச் சொல்லி அப்போதைக்குச் சமாளித்தார்கள். வெட்டுகள் வந்தன, தலைப்பு அசைவுகளும் வண்ணத் திருத்தங்களும் அரைகுறையாக வந்தன.

மான்டெரியில் தங்குவதற்கு வேறொரு தடையும் இருந்தது. அதற்கான கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அந்த ஆண்டு ஜூலையில் வந்தது, செப்டம்பரில் செக்கோயா என்ற புதிய பதிப்பு வந்ததும் ஆதரவு நின்றது. கூடத்தின் நிறுவன வாடிக்கையாளர் ஒருவர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன் அனுப்பிய படிவத்தில், எல்லாக் கணினிகளின் இயங்குதளமும் தயாரிப்பாளரின் ஆதரவில் உள்ளதா என்று ஒரு கேள்வி. நேர்மையாக விடையளித்தால் ‘இல்லை’.

மார்கழிச் சோதனை

மார்கழியில் திருமணம் இல்லை. கூடம் ஓய்ந்திருக்கும் ஒரே காலம் அது. டிசம்பர் 16க்குப் பின் முதலாம் கணினியில் சோனோமா சோதனை தொடங்கியது.

ஓடிக்கொண்டிருந்த எஸ்எஸ்டியைத் தொடவில்லை. 500 ஜிபி உபரி எஸ்எஸ்டி ஒன்றில் புதிதாக நிறுவினார்கள். அதற்கு முன் பழைய இஎஃப்ஐ கோப்புறையை யூஎஸ்பி குச்சியில் படியெடுத்து, அந்தக் குச்சியிலிருந்து கணினி எழுகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓப்பன்கோர், கெக்ஸ்ட்கள், கடைசியில் மேக்ஓஎஸ் என்ற வரிசை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே பெரும்பாலான ஹேக்கின்டாஷ்கள் புதுப்பிப்பில் சாகக் காரணம்.

சோதனைப் பட்டியல் எளியது. தூங்க வைத்து எழுப்புதல், இரண்டாம் திரை, ஒலி, அட்டைப் படிப்பான், அஞ்சல் விசைப்பலகை, 40 நிமிட 4கே ஏற்றுமதி, ஏர்டிராப். கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் தேறின. வைஃபையே இல்லை. பிராட்காமின் அந்தப் பழைய சில்லுகளுக்கான இயக்கியை 2023 செப்டம்பரில் வந்த சோனோமாவிலேயே ஆப்பிள் நீக்கிவிட்டது. 2020இல் வைஃபை அட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன அதே காரணம் இப்போது எதிராகத் திரும்பிவிட்டது. பழைய மேக்குகளுக்கான ஆதரவை ஆப்பிள் விலக்கும்போது அந்த மேக்கின் பாகத்தை வைத்திருக்கும் ஹேக்கின்டாஷும் சேர்ந்தே வெளியேறும்.

மாற்று வழி உண்டு. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் பழைய இயக்கியைக் கணினியின் மூலப் பகுதியில் திரும்ப ஒட்டும். அதற்குக் கணினி ஒருமைப்பாட்டுப் பாதுகாப்பைப் பாதி தளர்த்த வேண்டும், பாதுகாப்பான தொடக்கத்துக்கான செக்யூர்பூட்மாடலை முடக்க வேண்டும், ஐஓஸ்கைவாக்ஃபேமிலி என்ற வலையமைப்புக் கெக்ஸ்டைத் தடுத்துப் பழைய பதிப்பைச் செலுத்த வேண்டும். செய்தார்கள். வைஃபையும் ஏர்டிராப்பும் திரும்பின.

இதோடு நின்றிருந்தால் தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள். தொழில்நுட்பர் வேண்டுமென்றே 14.7.1ஐ நிறுவியிருந்தார். பிறகு 14.7.2க்குப் புதுப்பித்துப் பார்த்தார். மூலப் பகுதி மாற்றப்படவில்லை என்பதற்கு ஆப்பிள் வைத்திருக்கும் முத்திரை உடைந்திருப்பதால் சிறிய புதுப்பிப்புக்குப் பதில் முழு நிறுவியும் இறங்கியது, 12 ஜிபிக்கு மேல். முடிந்ததும் ஒட்டு காணாமல் போயிருந்தது, வைஃபை மறுபடி இல்லை. ஒவ்வொரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்கும் மூன்று கணினிகளிலும் இதையே செய்ய வேண்டும். ஒரு கணினியைப் புதிதாக நிறுவி ஓடுவதைப் பார்த்துவிட்டு ‘நம்பகமானது’ என்று முத்திரை குத்தக்கூடாது. ஒரு புதுப்பிப்பைத் தாண்டிப் பார்த்தபிறகே அது தெரியும்.

எடுத்த முடிவும் காரணங்களும்

மேசையில் நான்கு வழிகள் இருந்தன. மான்டெரியிலேயே தங்குவது: சென்னை வேலையும் நிறுவன ஒப்பந்தமும் போகும். சோனோமாவில் ஒட்டுப்போட்டு ஓட்டுவது: ஓடும், ஆனால் பாதுகாப்பைத் தளர்த்தி ஓடும். வைஃபையைக் கைவிட்டுக் கம்பி இணைப்பில் ஓட்டுவது, அல்லது இன்டெல் அட்டை போடுவது: இன்டெல் அட்டையில் வைஃபை கிடைக்கும், ஏர்டிராப் கிடைக்காது. கடைசி வழி, மேக் வாங்குவது.

உரிமையாளருக்குப் பழையதை விட மனமில்லை. “தம்பி, எப்படியாவது இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாமா?” என்று கேட்டார். தொழில்நுட்பர் சொன்ன பதில் குறிப்பேட்டில் இருக்கிறது: “ஓட்டலாம்ணே. ஆனா சனிக்கிழமை ராத்திரி நின்னுச்சுன்னா, நான் ஊர்ல இல்லாட்டி யார் எழுப்புவா?”

முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்வியே. வன்பொருள் பழுதில் கையால் பொருத்திய கணினி தெளிவாகவே மேல். பாகம் தனியாகக் கிடைக்கும், விலை குறைவு, அன்றைக்கே முடியும். ஆப்பிள் சில்லு மேக்கில் நினைவகம் சில்லோடு ஒட்டியது. உள்வட்டு செத்தால் வெளிவட்டிலிருந்துகூட எழுப்ப முடியாது. ஆனால் இந்தக் கூடத்தின் நேரத்தைத் தின்றது வன்பொருள் அல்ல. தின்றது மென்பொருள், அதைச் சீர்செய்யத் தெரிந்தவர் கட்டடத்தில் எவரும் இல்லை. படத்தொகுப்பாளரே ஓப்பன்கோர் அறிந்தவராக இருந்திருந்தால் பரிந்துரை வேறாக இருந்திருக்கும்.

உரிமச் சிக்கலையும் எழுத்தில் வைத்தார்கள். ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே மேக்ஓஎஸ்ஸை நிறுவ உரிமம் இடம் தருகிறது. மேக்ஓஎஸ் போட்ட கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது, 2011இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது விற்பனை அல்ல என்றாலும், வாடிக்கையாளரின் பாதுகாப்புப் படிவத்தில் கையெழுத்திடும் நிறுவனத்துக்கு அது வசதியான இடமில்லை.

மூன்றையும் மாற்றவில்லை. தொகுப்பாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் ஆளுக்கொரு எம்4 மேக் மினி, 24 ஜிபி நினைவகம், 512 ஜிபி உள்வட்டு. 900 வெள்ளிக்குள் கிடைத்த 16 ஜிபி அடிப்படை மாதிரியை விட்டதற்குக் காரணம், நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது என்பதே. உள்வட்டைப் பெரிதாக எடுக்கும் செலவில் 2 டிபி என்விஎம்இ வெளிவட்டே வாங்கிவிடலாம் என்பதால் அதில் சிக்கனம் பார்த்தார்கள். விபத்துச் சேதத்துக்கும் சேர்த்து ஆப்பிள்கேர்+ எடுத்தார்கள். சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பிலிருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டம் தனிநபர் பயனீட்டாளருக்கானது, நிறுவனம் வாங்கும் பொருளுக்குப் பொருந்தாது. இதைப் பல சிறுதொழில்காரர்கள் கவனிப்பதில்லை.

மூன்றாம் கணினிக்கு விண்டோஸ் 11. ஒன்பதாம் தலைமுறைச் செயலி என்பதால் அது முறைப்படியே ஏறியது. பதாகை அச்சுப்பொறியின் பழைய இயக்கி விண்டோஸில் மட்டுமே ஓடும். பேஜ்மேக்கரில் செய்த பழைய அழைப்பிதழ்களும் அங்கேதான் திறக்கும். அவற்றைக் கேட்டு இன்றும் ஆள் வருகிறார்கள்.

ஜனவரி 2025: மாற்றிய விதம்

தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு நகர்த்தும் மைக்ரேஷன் அசிஸ்டென்டைப் பயன்படுத்தவில்லை. ஹேக்கின்டாஷிலிருந்து அப்படியே இழுத்தால் பழைய கெக்ஸ்ட்களும் தொடக்க நிரல்களும் சேர்ந்து வரும். புதிதாக அமைத்து, நூலகங்கள், எழுத்துருக்கள், வார்ப்புருக்களை மட்டும் படியெடுத்தார்கள்.

படியெடுத்த பின்னரே பழைய கணினிகளில் அடோபி கணக்கிலிருந்து வெளியேறினார்கள், ஆப்பிள் கணக்கிலிருந்தும் வெளியேறி, சாதனப் பட்டியலில் இருந்த ‘ஐமேக்’ பெயர்களை நீக்கினார்கள். எக்ஸ்ஃபேட் வெளிவட்டுகளை ஏபிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினார்கள். டைம் மெஷின் நகல் ஒன்று அலுவலகத்தில், இன்னொரு நகல் உரிமையாளரின் வீட்டில்.

விண்டோஸ் கணினிக்குப் புது மின்கலம் போட்டு, பயாஸ் திரைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அச்சிட்டு, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டினார்கள்.

பிறகு நடந்தவை

முதல் வாரம் முழுக்கச் சில்லறைப் புலம்பல்கள். எம்4 மினியில் யூஎஸ்பி-ஏ துறை கிடையாது, அட்டைத் துளையும் கிடையாது. இரண்டு இணைப்புப் பெட்டிகள் வாங்க வேண்டியிருந்தது. விலை குறைந்த ஒன்று சூடாகி அட்டைப் படிப்பானை உதறியதால் தனி மின்சாரம் உள்ளதற்கு மாற்றினார்கள். 27 அங்குலத் திரைகளில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. 1440 வரித் திரைகளை மேக்ஓஎஸ் நன்றாகக் காட்டுவதில்லை, இது ஹேக்கின்டாஷிலும் இருந்த குறைதான். வடிவமைப்பாளருக்கு மட்டும் 4கே திரை வாங்கினார்கள்.

ஏற்றுமதி வேகம் கூடியது. 22 நிமிடம் எடுத்த வேலை 9 நிமிடமானது. மின்மானி வைத்துப் பார்த்ததில் பழையது சும்மா இருக்கும்போதே 70 வாட்டுக்கு மேல் இழுத்தது, மினி 5 வாட் அளவில் நின்றது. ஏற்றுமதியின்போது பழையது 250ஐத் தாண்டும், மினி 50ஐ ஒட்டியே. மின்கட்டணத்தில் மிச்சம் பெரிதில்லை, ஆனால் அந்தச் சிறிய அறையில் குளிர்சாதனத்தின் சுமை குறைந்தது நன்றாகவே தெரிந்தது.

ஜனவரி முதல் மே வரை மேக்குகளுக்காகக் குறிப்பேட்டில் விழுந்தவை ஐந்து பதிவுகள். நான்கு, மேலே சொன்ன இணைப்புப் பெட்டியும் திரையும். ஐந்தாவது கடுமையானது. பங்குனியில் தொகுப்பாளரின் மேசையில் கோப்பி கொட்டி மினிக்குள் இறங்கியது. சேவை நிலையத்தில் ஆறு வேலைநாள்கள். திரும்பி வந்தபோது உள்வட்டு காலி. நகல் இருந்ததால் கோப்பு எதுவும் போகவில்லை, ஆனால் அந்த ஆறு நாள்கள் எப்படி நகர்ந்தன என்பது கவனிக்க வேண்டியது. மாற்றாக வைத்திருந்த பழைய ஹேக்கின்டாஷ் உதவவில்லை. நூலகங்கள் எல்லாம் பதிப்பு 11க்கு ஏறிவிட்டன, மான்டெரியில் அவை திறக்காது. வடிவமைப்பாளர் தன் மினியைத் தொகுப்பாளருக்குக் கொடுத்துவிட்டு விண்டோஸ் கணினிக்கு மாறினார். பழைய கணினியில் இதே கோப்பி கொட்டியிருந்தால் அதிகபட்சம் தாய்ப்பலகை போயிருக்கும், மறுநாள் வேலை நடந்திருக்கும். மறைக்க வேண்டிய விஷயமில்லை இது.

ஜூன் 2025இல் ஆப்பிள், மேக்ஓஎஸ் தஹோவே இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்தது. செப்டம்பரில் அது வெளிவந்தபோது ஒலிக்கான ஆப்பிள்எச்டிஏ இயக்கியும் நீக்கப்பட்டிருந்தது. ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட் அதை நம்பியே இயங்குவது. மார்கழியில் ஒட்டுப்போடும் வழியை எடுத்திருந்தால் தஹோவுக்குப் போகும்போது ஒலியையும் ஒட்டுப்போட்டே மீட்க வேண்டியிருக்கும், அதற்கடுத்த பதிப்போ இல்லவே இல்லை.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

குறிப்பேட்டை 2020இலேயே தொடங்கியிருக்க வேண்டும். பயாஸ் படங்கள், இஎஃப்ஐ நகல் உள்ள யூஎஸ்பி குச்சி, எந்தக் கெக்ஸ்ட் எதற்கு என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகிய மூன்றும் இருந்திருந்தால் ஆகஸ்ட் மாதத்துச் சம்பவம் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். இவை விண்டோஸ், லினக்ஸ் போட்டுக் கையால் பொருத்தும் கணினிக்கும் பொருந்தும்.

பொத்தான் மின்கலத்தை நான்காம் ஆண்டில், தீருமுன்பே மாற்ற வேண்டும். விசிறிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கோவிலோ உணவுக்கடையோ பக்கத்தில் இருந்தால் மூன்று மாதம்.

வெளித் தொகுப்பாளரோடு வேலை செய்யும் கூடம், மென்பொருள் பதிப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் யாரும் புதுப்பிப்பதில்லை என்பது இப்போது இங்கே விதி.

மேக்குக்கு மாறும்போது உபரிக் கணினிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று வாங்கியது குறுகிய கணக்கு. ஆகஸ்ட் 2025இல் மூன்றாவதாக அடிப்படை மாதிரி மினி ஒன்று வாங்கினார்கள். மற்ற நாள்களில் உதவியாளர் அதில் படங்களைத் தரம்பிரிக்கிறார், ஒரு மேக் சேவைக்குப் போனால் அது தொகுப்பு மேசைக்கு வரும்.

முதலாம், இரண்டாம் கணினிகளின் நினைவகமும் எஸ்எஸ்டிகளும் விண்டோஸ் கணினிக்கு உபரிப் பாகங்களாகப் போயின. விசிறி மாற்றிய ஆர்எக்ஸ் 580 பெட்டியில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சிய தாய்ப்பலகைகளும் மின்வழங்கிகளும் மின்கழிவுச் சேகரிப்புக்குச் சென்றன. பதாகை அச்சுப்பொறி ஓடும்வரை விண்டோஸ் கணினி இருக்கும். அச்சுப்பொறி மாறும்போது அதன் இயக்கி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்த பிறகே அடுத்த கணினி முடிவாகும்.